வேன் ஃபிரிட்ஜ்: கரண்டும் குறையணும், ராத்திரி சத்தமும் வரக்கூடாது. எதை வாங்கலாம்?

மார்த்தாண்டம் வேன்

வணக்கம். டிராவலர் வேன் ஒன்றை கேம்பராக (தங்கிப் பயணிக்கிற வண்டியாக) மாற்றும் வேலை நடக்கிறது. கட்டிலும் சின்ன அடுக்களையும் ஆயிற்று, ஃபிரிட்ஜ் மட்டும் பாக்கி.

பேட்டரி 12.8 வோல்ட் 100 ஏஎச் (ஆம்பியர் மணி) லித்தியம். கூரையில் 100 வாட் பேனல் இரண்டு, 20 ஆம்பியர் எம்பிபிடி (சோலார் சார்ஜ் கண்ட்ரோலர்). நாலு பேர், ரெண்டு ராத்திரி மூணு பகல் தங்குகிற மாதிரி. முட்டம், தெங்காப்பட்டணம் பக்கம் கடற்கரை, இல்லையென்றால் பேச்சிப்பாறை, திற்பரப்பு. உள்ளே வைக்க வேண்டியது பால், தயிர், காய்கறி, தண்ணீர், கொஞ்சம் மீன்.

இடம் கட்டிலுக்குக் கீழேதான். தலையணையிலிருந்து ரெண்டடி கூட இருக்காது. அதனால் சத்தம் எனக்கு கரண்ட் அளவுக்கே முக்கியம். எந்த வகை, எத்தனை லிட்டர், இந்த பேட்டரி தாங்குமா?

தக்கலை சோலார்

வகையை முதலில் முடித்துவிடலாம், அங்கேதான் பணம் வீணாகிறது. 12 வோல்ட் என்று எழுதி விற்பதெல்லாம் ஒன்றல்ல.

பெல்டியர் வகை: கம்ப்ரசர் கிடையாது, ஒரு சில்லும் மின்விசிறியும்தான். வெளிச்சூட்டிலிருந்து 18 முதல் 20 டிகிரி வரைதான் இறக்கும். சித்திரை வெயிலில் நிறுத்திய வேனுக்குள் 40 டிகிரி என்றால் பெட்டிக்குள் 20 டிகிரி. பால் திரிந்துவிடும். 50 வாட் இழுப்பு, அதுவும் நிற்காமல். ஒரு நாளைக்கு 1200 வாட்மணி, அதாவது உங்கள் பேட்டரி முழுவதும். கோத்ரெஜ் கொண்டுவந்த சோட்டுகூல் இந்த வகைதான். அது கிராமத்து வீட்டுக்கும் சிறு கடைக்கும் என்று யோசித்துச் செய்தது, அந்த வேலைக்குச் சரி. வெயிலில் நிற்கிற வேனில் மீன் வைக்க ஆகாது.

டிசி கம்ப்ரசர் வகை: ஓடும்போது 40 முதல் 55 வாட். ஆனால் குளிர்ந்ததும் நின்றுவிடும். நம் ஊர் சூட்டில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 45 சதவீதம் ஓடும் என்று வையுங்கள். 45 வாட் × 24 × 0.45 = 486. தாராளமாக 500 வாட்மணி.

பேட்டரி 12.8 × 100 = 1280 வாட்மணி. அதில் 85 சதவீதம் எடுத்தால் கிட்டத்தட்ட 1090. லைட், ஃபேன், போன் சார்ஜ் எல்லாம் 250 என்றால் நாளைக்கு மொத்தம் 750. சூரியனே இல்லாமல் ஒன்றரை நாள் தாங்கும். பேனல் இரண்டும் சேர்ந்து நல்ல நாளில் 200 × 4.5 × 0.7 = 630 கொடுக்கும். வெயில் காலத்தில் கணக்கு நிற்கும். மழைக்காலத்தைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

லிட்டர்: நாலு பேருக்கு 40 முதல் 45 போதும். மேலே திறக்கிற பெட்டி வகை எடுங்கள். குளிர்ந்த காற்று கனமானது. முன்பக்கக் கதவு என்றால் திறக்கும்போதெல்லாம் கீழே வழிந்து போய்விடும், அந்த இடத்துக்கு நம் கடற்கரை ஈரக்காற்று உள்ளே வரும். ஈரம் உறைந்து ஐஸாகும்போது அதுவும் கரண்டைத்தான் தின்னும்.

லேபிளில் கிளைமேட் கிளாஸ் பாருங்கள். "என்" என்றால் 32 டிகிரி வரை, "எஸ்டி" 38 வரை, "டி" 43 வரை. நமக்கு "டி" தவிர வேறு வேண்டாம்.

களியக்காவிளை ரோட்

சத்தமே கூடாது என்றால் கேஸில் ஓடுகிற அப்சார்ப்ஷன் ஃபிரிட்ஜ் இருக்கிறதே? ஓடுகிற பாகமே கிடையாது. வெளிநாட்டு கேரவன்களில் பல வருஷமாக அதுதானே?

நாகர்கோவில் கூலிங் சர்வீஸ்

சத்தம் இல்லை என்பது உண்மைதான். அமோனியா, தண்ணீர், ஹைட்ரஜன் மூன்றும் உள்ளே சூட்டினால் மட்டும் சுற்றி வரும். ஆனால் நம் இடத்துக்கு மூன்று காரணத்தால் சரிவராது.

ஒன்று, சரிவு. அந்தத் திரவம் குழாயில் இறங்கி வருவது புவியீர்ப்பில்தான். வேன் மூன்று டிகிரிக்கு மேல் சாய்ந்து மணிக்கணக்கில் நின்றால் ஓட்டம் நின்று, பாய்லர் பகுதி மட்டும் வெந்து, யூனிட்டே போய்விடும். பேச்சிப்பாறைப் பக்கம் சமதளம் தேடியே பொழுது போகும்.

இரண்டு, சூடு. பின்பக்கக் கம்பிகள் இயற்கையான காற்றோட்டத்தை நம்பி இருக்கின்றன. வெளியே 35 தாண்டினால் உள்ளே 8, 10 டிகிரியில் திணறும். 12 வோல்ட்டில் ஓட்டினால் 8 முதல் 14 ஆம்பியர் ஹீட்டர், பல மாடல்களில் தெர்மோஸ்டாட் கூட அந்த வழியில் வேலை செய்யாது. வண்டி ஓடும்போது மட்டுமே அது நியாயம்.

மூன்று, கேஸ். எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில்தான் தங்கும். நீங்கள் படுப்பதும் தரைக்கு ஒன்றரை அடி மேலே. ஆரல்வாய்மொழி காற்றில் பர்னர் எத்தனை தரம் அணையும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தூங்குகிற வண்டிக்குள் இரவெல்லாம் எரிகிற சுடர் வேண்டாம்.

இரணியல் ஸ்டோர்

அண்ணே, அப்போ வீட்டு ஃபிரிட்ஜே வாங்கி இன்வெர்ட்டரில் போட்டால் என்ன? ஐந்து ஸ்டார், இன்வெர்ட்டர் கம்ப்ரசர், சிங்கிள் டோர். 12 வோல்ட் பெட்டியைவிட விலையும் குறைவு, இடமும் ஜாஸ்தி.

நாகர்கோவில் கூலிங் சர்வீஸ்

இதை முழுசாகத் தள்ள மாட்டேன், கணக்கு போட்டுப் பார்ப்போம்.

ஸ்டார் லேபிளில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று இருக்கும். 365ஆல் வகுங்கள். 150 யூனிட் என்றால் நாளைக்கு 410 வாட்மணி. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஃபிரிட்ஜுக்காக இன்வெர்ட்டர் 24 மணி நேரமும் விழித்திருக்க வேண்டும். சும்மா இருக்கும்போதே 15 வாட் இழுக்கிற இன்வெர்ட்டர் ஒரு நாளைக்கு 360 வாட்மணி தின்னும். அதோடு மாற்றும்போது 10 சதவீத இழப்பு. ஆக 800 தாண்டிவிடும். உங்கள் 100 ஏஎச்சுக்கு அது பாரம்.

பழைய மாதிரி, அதாவது ஃபிக்ஸட் ஸ்பீடு கம்ப்ரசர் என்றால் ஸ்டார்ட் ஆகும்போது ஓடும் கரண்டைப்போல ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும். 300 வாட் சின்ன இன்வெர்ட்டர் ட்ரிப் ஆகும்.

பிறகு ரோடு. வீட்டு கம்ப்ரசர் உள்ளே ஸ்பிரிங்கில் தொங்குகிறது, சமதளத்தில் நிற்கவென்று செய்தது. குலுக்கலில் கேப்பிலரி என்கிற மெல்லிய குழாய் பக்கத்துக் குழாயோடு உரசி உரசி ஓட்டை விழும். வண்டிக்கான டிசி கம்ப்ரசர் 30 டிகிரி சாய்வில் தொடர்ந்து ஓடும். வளைவில் கதவு திறந்து தயிர்ப் பாத்திரம் கீழே விழும் பிரச்சினையும் மேலே திறக்கிற பெட்டியில் இல்லை.

400 ஏஎச் பேட்டரி வைத்த பெரிய பஸ்ஸுக்கு வீட்டு ஃபிரிட்ஜ் சரியான முடிவுதான். இந்த வண்டிக்கு இல்லை.

மார்த்தாண்டம் வேன்

சரி, டிசி கம்ப்ரசர் பெட்டி, 40 முதல் 45 லிட்டர், டி கிளாஸ். கம்ப்ரசர் எந்த மேக் என்று பார்க்க வேண்டுமா?

நாகர்கோவில் கூலிங் சர்வீஸ்

பார்க்க வேண்டும். முன்பு டான்ஃபாஸ் என்று வந்தது இப்போது செக்காப். பிடி35, பிடி50 (BD35, BD50) என்பது அதன் மாடல். உலகம் முழுக்கப் படகிலும் வண்டியிலும் இருப்பதால் கண்ட்ரோலர் (கம்ப்ரசரை ஓட்டுகிற மின் போர்டு) தனியாகக் கிடைக்கும், சர்க்யூட் விவரமும் எல்லாருக்கும் தெரியும். எங்கெல்லில் இருப்பது சவாஃபுஜியின் ஸ்விங் மோட்டார், அசைகிற பாகம் குறைவு, உழைப்பு அதிகம். சீனத் தயாரிப்புப் பெட்டிகளிலும் நன்றாக ஓடுபவை இருக்கின்றன. அங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கண்ட்ரோல் போர்டு தனியாகக் கிடைக்குமா? கம்ப்ரசர் சீக்கிரம் போகாது. போர்டுதான் போகும், அதுவும் கடற்கரை உப்பில்.

45 லிட்டருக்கு பிடி35 போதும். பிடி50 பெரிய பெட்டிக்கு, ஃப்ரீசருக்கு.

வாங்கும்போது இன்னொரு சோதனை. கடையில் அரை மணி நேரம் ஓடவிட்டு பெட்டியின் நாலு பக்கமும் உள்ளங்கையை வையுங்கள். பக்கச் சுவர் சூடாக இருந்தால் கண்டென்சர் குழாய் (சூட்டை வெளியே விடுகிற குழாய்) அந்தத் தகட்டுக்கு உள்ளேயே ஓடுகிறது. அந்தப் பக்கத்தை மூடவே கூடாது, கூடுதல் இன்சுலேஷன் ஒட்டவும் கூடாது. கட்டிலுக்குக் கீழே மூன்று பக்கமும் பிளைவுட் வைத்து அடைக்கப்போகிறீர்கள் என்றால் அந்த மாடலை விட்டுவிடுங்கள். சூடு முழுவதும் ஒரு ஜாலி (ஓட்டைகள் உள்ள தட்டி) வழியாக, மின்விசிறியோடு வெளியே வருகிற மாடல் உங்களுக்கு ஏற்றது.

ஆரல்வாய்மொழி காற்று

இழையின் நடுவில் கேட்பதற்கு மன்னிக்கணும், விஷயம் இதோடு சேர்ந்ததுதான். 35 லிட்டர் டிசி பெட்டி, பேட்டரி 100 ஏஎச் டியூபுலர் (ஈய-அமில வகை). ராத்திரி ரெண்டு மணிக்கு மேல் கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகும், சில நொடியில் நிற்கும், திரும்ப ஸ்டார்ட் ஆகும். திரையில் இ1 என்று காட்டுகிறது. பேட்டரியில் மீட்டர் வைத்தால் 12.4 இருக்கிறது. கம்ப்ரசர் போயிற்றா? இந்த டிக் டிக் சத்தத்தில் தூங்க முடியவில்லை.

குளச்சல் போட் வயரிங்

கம்ப்ரசர் நன்றாக இருக்கிறது. பெரும்பாலான பெட்டிகளில் இ1 என்றால் வோல்டேஜ் குறைவு. செக்காப் கண்ட்ரோலரில் எல்இடி வைத்திருந்தால் அது ஒரு தரம் மின்னும், அர்த்தம் அதேதான்.

மூன்று விஷயம் சொல்லுங்கள். லைட்டர் சாக்கெட்டிலா சொருகியிருக்கிறீர்கள்? பேட்டரியிலிருந்து அந்த சாக்கெட்டுக்கு எத்தனை ஸ்கொயர் (சதுர மி.மீ.) வயர், எத்தனை மீட்டர்? பேட்டரி பாதுகாப்பு ஹை, மீடியம், லோ எதில் இருக்கிறது? பிறகு கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும்போது மீட்டரை பேட்டரியில் அல்ல, ஃபிரிட்ஜின் பின் (வயர் முள்) சொருகுகிற இடத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆரல்வாய்மொழி காற்று

லைட்டர் சாக்கெட்தான். வயர் ஒரு ஸ்கொயர், 5 மீட்டர் இருக்கும். பாதுகாப்பு ஹையில் இருக்கிறது. ஓடும்போது ஃபிரிட்ஜ் பின்னில் 11.1.

குளச்சல் போட் வயரிங்

அங்கேதான் விஷயம். கணக்கு இப்படி: வயரில் விழுகிற வோல்ட் = 2 × நீளம் × ஆம்பியர் × 0.0175 ÷ ஸ்கொயர். போய்த் திரும்புவதால் இரண்டால் பெருக்க வேண்டும்.

5 மீட்டர், 5 ஆம்பியர், ஒரு ஸ்கொயர்: 0.88 வோல்ட். மிச்சம் 0.4 லைட்டர் சாக்கெட்டின் ஸ்பிரிங் தொடுகையில் விழுகிறது. தொட்டுப் பாருங்கள், பிளக்கின் நுனி சூடாக இருக்கும். ஹை என்கிற அளவு வண்டியின் ஸ்டார்ட்டர் பேட்டரியைக் காப்பாற்ற வைத்தது, பல மாடல்களில் 11 வோல்ட்டுக்கு மேலேயே வெட்டிவிடும். வெட்டியதும் இழுப்பு இல்லை, வோல்டேஜ் 12.4க்கு ஏறும், ஃபிரிட்ஜ் திரும்ப முயலும். ராத்திரி முழுக்க அந்த டிக் டிக் இதனால்தான்.

அதே தூரத்துக்கு 4 ஸ்கொயர் போட்டால் 0.22 வோல்ட். 6 ஸ்கொயர் என்றால் 0.15. செக்காப் தன் கம்ப்ரசருக்குக் கொடுக்கிற 12 வோல்ட் அட்டவணையும் இதையே சொல்கிறது: 2.5 ஸ்கொயர் 2.5 மீட்டர் வரை, 4 ஸ்கொயர் 4 மீட்டர், 6 ஸ்கொயர் 6 மீட்டர். உங்களுக்கு 6 ஸ்கொயர்.

வேலை இப்படிச் செய்யுங்கள்:

1. பேட்டரி பிளஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ். ஃபியூஸ் ஃபிரிட்ஜ் பக்கம் இருந்தால் நடுவில் வயர் உரசி ஷார்ட் ஆகும்போது காப்பாற்றாது.
2. பிளஸ், மைனஸ் ரெண்டு வயரும் தனியாக, நேராக ஃபிரிட்ஜ் வரை. பாடியை எர்த்தாக நம்ப வேண்டாம். உப்புக்காற்றில் அந்த போல்ட் துருப்பிடித்தால் பழைய கதைதான்.
3. லைட்டர் பிளக்கை வெட்டிவிட்டு 50 ஆம்பியர் ஆண்டர்சன் கனெக்டர் (இறுகக் கவ்வுகிற பிளக்) போடுங்கள். வாரண்டி போகும் என்று பயந்தால் ஃபிரிட்ஜ் வயரை விட்டுவிட்டு சாக்கெட்டை மட்டும் திருகி இறுக்குகிற வகைக்கு மாற்றுங்கள்.
4. கடலோரம் ஓடுகிற வண்டிக்கு ஈயம் பூசிய செம்பு வயர். போட்டுக்கு வாங்குகிற அதே வயர்தான். சாதா செம்பு ரெண்டு மழைக்காலத்தில் உறைக்கு உள்ளேயே கறுத்துப்போகும்.
5. லக்கை (வயர் முனையில் மாட்டுகிற வளையம்) கிரிம்ப் பண்ணி, அதாவது நசுக்கி இறுக்கி, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள். சால்டர் மட்டும் வைத்தால் குலுக்கலில் சால்டர் முடிகிற இடத்தில் இழை ஒவ்வொன்றாக அறுந்துகொண்டே வரும்.

பிறகு பாதுகாப்பை மீடியத்துக்கு மாற்றுங்கள். டியூபுலர் என்பதால் லோ வேண்டாம், ஆழமாக இறங்கினால் ஆயுசு போகும். மார்த்தாண்டத்துக்காரர் லித்தியத்துக்கு லோ வைக்கலாம். அங்கே பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருக்கிற பாதுகாப்பு போர்டு) காவல் இருக்கிறது.

மார்த்தாண்டம் வேன்

ரொம்ப உபயோகம். வயரிங் தெளிவாயிற்று. கட்டிலுக்குக் கீழே காற்றோட்டம் எப்படி? அடியில் தரையைத் துளைத்து ஜாலி வைக்கலாமா?

தக்கலை சோலார்

தரையைத் துளைக்க வேண்டாம். டயர் தெளிக்கிற தண்ணீரும் தூசியும் நேராகக் கண்டென்சரில் ஏறும். வேனுக்குள்ளேயே காற்றை எடுத்து வேனுக்குள்ளேயே விடலாம், சூடு அவ்வளவு கிடையாது. ஓடும்போது கரண்ட் 50 வாட்டும், பெட்டிக்குள்ளிருந்து அள்ளுகிற சூடு 70 வாட்டும் சேர்ந்து 120 வாட் வெளியே வரும். நாள் முழுக்கச் சராசரி 55 வாட். தூங்குகிற ஒரு ஆளின் உடம்புச் சூட்டைவிடக் கம்மி.

ஆனால் அந்த 120 வாட் கட்டில் அடியிலேயே தேங்கினால் ஃபிரிட்ஜ் தன் சூட்டையே திரும்பத் திரும்ப விழுங்கும். காற்று 8 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்றால் மணிக்கு 50 கனமீட்டர் காற்று வேண்டும். மெதுவாக, சத்தமில்லாமல் போக வேண்டும் என்றால் உள்ளே வர ஒரு வாய், வெளியே போக ஒரு வாய், ஒவ்வொன்றும் 250 முதல் 300 சதுர செ.மீ. அதாவது 20க்கு 15. கொசுவலை அடித்தால் பாதி அடைபடும், அப்போது வாயை இரட்டிப்பாக்குங்கள். சின்ன ஓட்டையில் காற்று சீறுகிற சத்தம்தான் பல வண்டிகளில் ஃபிரிட்ஜ் சத்தம் என்று நினைக்கிற சத்தம்.

பெட்டியின் எந்தப் பக்கம் காற்றை இழுக்கிறது, எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று ஒரு டிஷ்யூ காகிதத்தைப் பிடித்துப் பாருங்கள். இழுக்கிற வாய் கீழே, தள்ளுகிற வாய் மேலே, வேறு பக்கத்தில். ரெண்டுக்கும் நடுவில் ஒரு தடுப்பு கண்டிப்பாக வேண்டும். பிளைவுட் துண்டும் ஓரத்தில் ஃபோம் பட்டையும் போதும். சூடாகாத பக்கங்களில் 25 மி.மீ. எக்ஸ்பிஎஸ் (கெட்டி ஃபோம்) போர்டு ஒட்டினால் ஓட்ட நேரம் நன்றாகவே குறையும்.

சரிபார்க்க, வயர் வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் ரெண்டு. ஒன்று இழுக்கிற வாயில், ஒன்று வேனின் நடுவில். ஒரு மணி நேரம் ஓடிய பிறகு வித்தியாசம் மூன்று டிகிரிக்குள் இருந்தால் சரி. ஏழு, எட்டு காட்டினால் தடுப்பில் எங்கோ சந்து இருக்கிறது.

நாகர்கோவில் கூலிங் சர்வீஸ்

இனி சத்தம். ஃபிரிட்ஜ் சத்தம் என்பது ஒரே சத்தம் அல்ல. நாலு வேறு சத்தம், நாலுக்கும் வேறு மருந்து.

முதலாவது மின்விசிறி. நிறையப் பெட்டிகளில் இதுதான் பெரிய சத்தம். கம்ப்ரசர் ஓடும்போது ஃபேன் வயரை பத்து நொடி கழற்றிப் பாருங்கள். அமைதியானால் விடை கிடைத்தது. 80 மி.மீ. வேக ஃபேனுக்குப் பதிலாக 120 மி.மீ. மெதுவான ஃபேன், ஃப்ளூயிட் பேரிங் வகை. அதே காற்றைப் பாதி வேகத்தில் தள்ளும். செக்காப் கண்ட்ரோலரின் ஃபேன் முனையில் 0.5 ஆம்பியருக்கு மேல் இழுக்கக் கூடாது. இழுத்தால் எல்இடி ரெண்டு தரம் மின்னும். கம்ப்யூட்டர் ஃபேன் 0.1 அல்லது 0.2தான், பயமில்லை. ஃபேனை நாலு திருகில் இறுக்காமல் ரப்பர் பின்னில் மாட்டுங்கள்.

இரண்டாவது கம்ப்ரசரின் வேகம். பிடி35 நிமிடத்துக்கு 2000 சுற்றிலிருந்து 3500 வரை ஓடும். தெர்மோஸ்டாட் வழியில் இருக்கிற ரெசிஸ்டர்தான் அதைத் தீர்மானிக்கிறது: ரெசிஸ்டர் இல்லாமல் நேராக இணைத்தால் 2000, 277 ஓம் என்றால் 2500, 692 ஓம் 3000, 1523 ஓம் 3500. வேகம் குறைந்தால் ஓடும் நேரம் கூடும், ஆனால் மொத்தக் கரண்ட் குறையும், சத்தமும் குறையும். பட்டனில் ஈகோ, மேக்ஸ் என்று இருப்பது இதே வேலைதான். ராத்திரி எப்போதும் ஈகோ. ஈகோவில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் மட்டும் ஒரு படி ஏற்றுங்கள்.

மூன்றாவது பலகை. 2000 சுற்று என்பது நொடிக்கு 33 அதிர்வு, 3500 என்றால் 58. ஆறு மி.மீ. பிளைவுட் இந்த இடத்தில்தான் கூடச் சேர்ந்து முழங்கும். பெட்டி கட்டில் சட்டத்தை எங்கேயும் தொடக் கூடாது, சுற்றிலும் 20 மி.மீ. இடைவெளி. அடியில் 10 மி.மீ. நியோபிரீன் ரப்பர், முழுப் பாயாக அல்லாமல் நாலு மூலைக்கு நாலு துண்டு. பெல்ட் கட்டும்போது பெட்டி நகராத அளவு போதும். இழுத்து முறுக்கினால் ரப்பர் நசுங்கி, அதிர்வு பெல்ட் வழியாகவே சட்டத்துக்கு ஏறும். கட்டில் பலகையின் அடியில் ஃபிரிட்ஜுக்கு நேர் மேலே ஒரு குறுக்குச் சட்டம் அடித்தால் முழக்கம் இன்னும் குறையும்.

நாலாவது குழாய். கம்ப்ரசரிலிருந்து போகிற செம்புக் குழாய் தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் ரீங்காரம் வரும். நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியைக் குழாயில் வைத்து, பிடியைக் காதெலும்பில் வையுங்கள். எந்த இடம் என்று உடனே தெரியும். விரலால் மெதுவாக ஒரு மி.மீ. நகர்த்தினாலே நின்றுவிடும். வளைக்க வேண்டாம், அங்கே ஒரு துண்டு ரப்பர் டியூப் சொருகுங்கள்.

கம்ப்ரசர் நின்ற பிறகு வருகிற உஸ், கொளகொள சத்தம் கேஸ் சமனாவது. அது இயல்பு, கை வைக்க வேண்டாம்.

கன்னியாகுமரி லைன்ஹவுஸ்

ராத்திரி சத்தத்துக்கு இன்னொரு வழியும் உண்டு, செலவே இல்லை. பகலில் பேனல் நிரம்பி வழியும் நேரம், பதினொன்று முதல் மூன்று வரை, பெட்டியை மைனஸ் 2க்கும் நன்றாகக் கீழே இறக்கி, அடியில் ஒரு லிட்டர் உப்புத் தண்ணீர் பாட்டில் ரெண்டை உறைய வையுங்கள். லிட்டருக்கு 20, 30 கிராம் கல்லுப்பு கலந்தால் மைனஸ் ஒன்று, ரெண்டில் உறையும். பாட்டிலை முக்கால்தான் நிரப்பணும். படுக்கும்போது 6 டிகிரிக்கு ஏற்றிவிட்டால் பாதி ராத்திரி வரை கம்ப்ரசர் எழுந்திருக்காது. பாலையும் தயிரையும் மேல் கூடைக்கு ஏற்றிவிடுங்கள், அடியில் உறைந்துவிடும்.

மார்த்தாண்டம் வேன்

மீனுக்கு? 6 டிகிரியில் மீன் நிற்குமா?

குளச்சல் போட் வயரிங்

நிற்காது. மீனுக்கு பூஜ்ஜியம் வேண்டும், அதற்கு ஐஸைவிட நல்ல சாதனம் கிடையாது. ஒரு கிலோ ஐஸ் உருக 93 வாட்மணி சூட்டை எடுக்கும். நல்ல தெர்மோகோல் பெட்டியில் மீனுக்கு ஒன்றுக்கு ஒன்று நொறுக்கிய ஐஸ் போட்டு, அடியில் தண்ணீர் வடிய வழி வைத்தால் ஒரு நாள் சாளையும் அயிலையும் கெடாது. குளச்சல், சின்னமுட்டம் பக்கம் தங்கும்போது ஐஸ் கிடைக்கும். ஃபிரிட்ஜை பால், காய்கறிக்கு விட்டுவிடுங்கள்.

ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும் என்றால் கழுவி, தண்ணீர் வடித்து, இறுக மூடுகிற டப்பாவில். மீனின் உப்புத்தண்ணீர் அலுமினியச் சுவரில் வழிந்தால் அங்கேயே அரிப்பு தொடங்கும்.

இரணியல் ஸ்டோர்

அப்படியானால் ஐஸ் பெட்டி மட்டும் போதாதா, ஃபிரிட்ஜ் எதற்கு?

தக்கலை சோலார்

45 லிட்டர் பெட்டிக்குள் 20 வாட் சூடு கசிகிறது என்றால் நாளைக்கு 480 வாட்மணி, அதாவது 5 கிலோ ஐஸ். மூன்று நாளைக்கு 15 கிலோ, பெட்டியில் மூன்றில் ஒரு பங்கு அதற்கே போகும், காய்கறி தண்ணீரில் மிதக்கும். ஒரு நாள் பயணத்துக்கு ஐஸ் பெட்டியே மேல். அதற்கு மேல் என்றால் கம்ப்ரசர்.

இதோடு சேர்ந்த இன்னொரு கணக்கு: 32 டிகிரித் தண்ணீர் 10 லிட்டரை 5 டிகிரிக்குக் கொண்டுவர 314 வாட்மணி சூட்டை எடுக்க வேண்டும். பேட்டரியிலிருந்து ஏறத்தாழ 220 போகும். கிளம்புகிற முந்தைய ராத்திரியே வீட்டுக் கரண்டில் பெட்டியை ஓடவிட்டு, வீட்டு ஃபிரிட்ஜில் குளிர்ந்த பொருளை மாற்றுங்கள். முதல் நாள் பேட்டரி அப்படியே மிஞ்சும்.

இனி மழைக்காலம். நமக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. மூடிய நாளில் 200 வாட் பேனல் 200 வாட்மணிதான் தரும், செலவு 750. ரெண்டாம் நாள் மாலையில் பேட்டரி காலி. அதற்கு வண்டி ஓடும்போது சார்ஜ் ஏற்ற 30 ஆம்பியர் டிசி டு டிசி சார்ஜர் வையுங்கள். மார்த்தாண்டத்திலிருந்து கன்னியாகுமரி போகிற ஒன்றரை மணி நேரத்தில் 500 வாட்மணிக்கு மேல் ஏறும், அதுவே ஃபிரிட்ஜின் ஒரு நாள் செலவு. ஆல்டர்னேட்டரிலிருந்து லித்தியத்துக்கு நேராக வயர் இழுக்காதீர்கள். அது கேட்கிற அளவுக்கு எல்லாம் கொடுத்து ஆல்டர்னேட்டர் கருகும்.

பேனலைச் சாய்க்கிற ஸ்டாண்டு எதுவும் தேவையில்லை. நாம் இருப்பது வடக்கே 8 டிகிரி, வருஷத்தில் ரெண்டு தரம் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வருகிறது. தட்டையாகப் படுத்த பேனலே இங்கே நன்றாகக் கொடுக்கும். நிழல்தான் பிரச்சினை. தென்னை ஓலை நிழல் ஒரு பேனலில் விழுந்தால், ரெண்டும் சீரியஸில் இருக்கும்போது மற்றதையும் இழுத்துவிடும். பேரலலில் இணையுங்கள். 12 வோல்ட் பேட்டரிக்கு 100 வாட் பேனலின் 18 வோல்ட் எம்பிபிடிக்குப் போதும்.

பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்ட நிழலில் நிறுத்தினால் கூரைப் பேனல் ஒன்றும் தராது. வண்டி நிழலில், மடக்குகிற 100 வாட் பேனல் வெயிலில், நடுவில் 10 மீட்டர் 6 ஸ்கொயர் வயர். ஃபிரிட்ஜுக்கு நிழல் ரொம்ப நல்லது.

ஆரல்வாய்மொழி காற்று

6 ஸ்கொயர் மாற்றியாயிற்று. ஓடும்போது ஃபிரிட்ஜ் பின்னில் 12.1 நிற்கிறது, இ1 வரவில்லை. இப்போது வேறு சந்தேகம். கம்ப்ரசருக்கு வருகிற தடித்த குழாயில் ஐஸ் படிகிறது, உள்ளே குளிர்கிறது. போன மாசம் ஒரு கடையில் கேஸ் நிரப்பினார்கள்.

நாகர்கோவில் கூலிங் சர்வீஸ்

கேஸ் அதிகம். இந்தச் சின்னப் பெட்டிகளுக்கு 30 முதல் 50 கிராம்தான் கொள்ளும், சரியான அளவு பின்பக்க ஸ்டிக்கரில் இருக்கும். பிரஷர் கேஜை மட்டும் பார்த்து ஏற்றினால் 5 கிராம் கூடினாலே திரவமாகவே கம்ப்ரசர் வரை வந்து குழாயில் ஐஸ் கட்டும். இழுப்பும் கூடும், சத்தமும் கூடும். டிஜிட்டல் தராசு வைத்து எடை போட்டு ஏற்றுகிறவரிடம் மட்டும் கொடுங்கள்.

கேட்க வேண்டியவை: எந்த கேஸ்? ஆர்134ஏ என்று ஸ்டிக்கரில் இருந்தால் அதுவே. ஆர்600ஏ என்றால் எரியும் கேஸ், வண்டிக்கு உள்ளே வைத்து வெல்டிங் கூடாது, பெட்டியை வெளியே இறக்கணும். வேக்குவம் எவ்வளவு நேரம்? அரை மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. ஆர்134ஏ கம்ப்ரசரின் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும், நம் ஊர்க் காற்றில் குழாயைக் கால் மணி நேரத்துக்கு மேல் திறந்து போடக் கூடாது. ஈரம் போனால் கேப்பிலரியின் வாயில் உறைந்து அடைக்கும். கொஞ்ச நேரம் குளிரும், நிற்கும், உருகியதும் திரும்பக் குளிரும். அந்த விளையாட்டைப் பார்த்தால் ஃபில்டர் டிரையர் (ஈரம் உறிஞ்சுகிற வடிகட்டி) மாற்றணும். கடைசியாக, கேஸ் ஏற்றுகிற பின் வால்வை அப்படியே விடாமல் குழாயை நசுக்கி அடைக்கச் சொல்லுங்கள். கசிவு பாதி அந்த வால்விலிருந்துதான்.

உள்சுவரில் ஐஸ் மூன்று, நாலு மி.மீ. ஆனதும் அணைத்து உருகவிடுங்கள். கத்தியால் சுரண்டாதீர்கள். அலுமினியத் தகட்டில் ஒரு கீறல் போதும், கேஸ் போய்விடும், அதை ஒட்டவும் வராது.

மார்த்தாண்டம் வேன்

கடைசிக் கேள்வி. பெட்டியைக் கொண்டுவரும்போது படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். உடனே ஓட்டலாமா? கேஸ்கெட் எப்படிப் பார்ப்பது?

நாகர்கோவில் கூலிங் சர்வீஸ்

நிமிர்த்தி வைத்து குறைந்தது ஆறு மணி நேரம், முடிந்தால் ஒரு ராத்திரி. எண்ணெய் கம்ப்ரசருக்குத் திரும்பி வரணும். அதற்கு முன் ஓட்டினால் ஸ்டார்ட் ஆகாமல் மூன்று தரம் மின்னலாம்.

கேஸ்கெட்டுக்குப் பத்து ரூபாய் நோட்டு ஒன்றை மூடியின் இடுக்கில் வைத்து மூடி இழுங்கள். நாலு பக்கமும் பிடித்து இழுக்கிற மாதிரி இருக்க வேண்டும். எங்கேயாவது லேசாக வந்தால் அந்த இடத்தில் ஹேர் டிரையர் காட்டி ரப்பரை இளக்கி, மூடி, மேலே பாரம் வைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். கடற்கரையிலிருந்து வந்ததும் கேஸ்கெட்டையும் கண்டென்சர் ஜாலியையும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். ஜாலியில் தண்ணீர் பீய்ச்ச வேண்டாம், போர்டு பக்கத்திலேயே இருக்கிறது.